காசு நோட்டம் – 9: விளிம்பைத் திருப்புங்கள்

ராணி தலையோ ராஜா தலையோ போட்ட வெள்ளி ரூபாய் கைக்கு வந்ததும் தரையில் சுண்டிப் பார்க்கிறோம். ‘கிணீர்’ என்றால் நல்ல காசு, ‘டொக்’ என்றால் ஈயம். ஈயத்தைப் பிடிக்க அது போதும். ஆனால் செம்பும் நிக்கலும் கலந்து அடித்த போலியும் கிணுகிணுக்கும், காந்தத்திலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, 1947-ல் புலி உருவத்தோடு வந்த ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அது போலியல்ல, அரசே நிக்கலில் அடித்தது.

ஆகவே தராசுக்கு வருவோம். 1835-ல் தொடங்கிய கம்பெனி ரூபாயும் பின்னால் வந்த விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களும் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. புழங்கிய காசு சற்றுக் குறையும். முகம் மழுங்கத் தேய்ந்தும் எடை மட்டும் குன்றாமல் நின்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எடையை ஈடுகட்டிவிடலாம், அடர்த்தியை ஏய்ப்பது கஷ்டம். தண்ணீர்க் கிண்ணத்தை மின்தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். செம்பு-நிக்கல் என்றால் 9-ஐத் தாண்டாது. நகைக்கடைத் தராசு போல நூறில் ஒரு கிராம் வரை காட்டுவது வேண்டும். காய்கறி நிறுக்கும் தராசு உதவாது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காசைத் திருப்பி விளிம்பைப் பாருங்கள். போலி செய்கிறவன் பாடுபடுவதெல்லாம் முகத்துக்குத்தான். அச்சில் அடித்த காசின் விளிம்புக் கோடுகள் சுற்றிலும் ஒரே சீராக, நேராக நிற்கும். வார்த்த காசில் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த தழும்பும் அதை அரம் போட்டு ராவிய தடமும் லென்ஸில் தெரியும். எழுத்துகளின் ஓரத்தில் ஊசிமுனைக் குழிகளும் இருக்கும்.

அரசுக்கும் விளிம்பின் அருமை தெரிந்திருந்தது. யுத்த நெருக்கடியில் 1940-ல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோது, போலிக்குப் பயந்து விளிம்பின் நடுவே வேலைப்பாட்டோடு ஒரு பள்ளம் ஓடவிட்டார்கள். அந்த ஆறாம் ஜார்ஜ் காசைத் தண்ணீரில் நிறுத்தால் 9.5 அளவுதான் வரும். போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இனி, விலை அதிகம் பேசப்படும் 1911 ரூபாய். ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, வெளியே விட்டது போக மிச்சத்தை அரசு உருக்கிவிட்டது. 1912-ல் தும்பிக்கையைத் திருத்தினார்கள். ஆண்டு 1911 என்றிருந்து, தும்பிக்கை மட்டும் ஒழுங்காகத் தொங்கினால், யாரோ கடைசி எண்ணில் கை வைத்திருக்கிறார்கள். அந்தக் கைவேலை அடுத்த வாரம்.