காவலா, கங்காணியா? — அடுக்குமாடி வாயிலில் படக்கருவி

‘கண்காணி’ என்னும் சொல் நமக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களின் மேற்பார்வை அச்சொல்லாற் குறிக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களில் அதுவே ‘கங்காணி’ எனத் திரிந்து, ஆட்களைத் திரட்டி வந்து அவர்தம் வேலையை அருகில் நின்று பார்த்தவரைக் குறித்தது. அங்கே அச்சொல்லின்மேல் அச்சமும் கசப்பும் படிந்தன. இன்று கிளமெண்டி போன்ற வட்டாரங்களில் வீட்டு வாயில்களில் ஏறிவரும் கண்காணிப்புப் படக்கருவிக்கும் இவ்விரு முகங்கள் உண்டு. தன் வாயிலைப் பார்க்கும்போது அது காவல். அண்டை வீட்டாரின் போக்குவரவைப் பார்க்கும்போது அது கங்காணித்தனம். இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு பெரும்பாலும் சில பாகைத் திருப்பமே. ஆகவே, கருவியைத் தேர்வதையும் திருப்பி அமைப்பதையும் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

தோற்றம்

இல்லக் காவலுக்கான படக்கருவி, வாயிற்கதவிலேயே பிறந்தது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர், தம் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து ஓர் அமைப்பை வகுத்து, 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் அது கிடைத்தது. கதவில் நான்கு துளைகள். அவற்றுக்கு நேராக ஏறி இறங்கும் ஒரு படக்கருவி. உள்ளே தொலைக்காட்சித் திரை. வந்திருப்பவர் யார் என்பதைக் கதவைத் திறக்குமுன் அறிவதே அவ்வம்மையாரின் நோக்கம். இன்றைய கருவிக்கும் முதற் கடமை இதுவேயாகும்.

எதைத் தேர்வது?

கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்பது, “எத்தனை படப்புள்ளிகள்?” என்பதே. அதைவிடப் பயனுள்ள வினா, “எத்தனை மீட்டருக்குள் முகம் தெளியும்?” என்பதாகும். முன்பின் அறியாத ஒருவரைப் படத்தைக் கொண்டு இன்னாரென அடையாளங்காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது அனைத்துலகத் தரநெறி. பரவலாக விற்கும் கருவியின் படம் 1920 புள்ளி அகலமுடையது. 1920ஐ 250ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 மீட்டர் கிடைக்கும். காட்சி அதற்குமேல் அகன்றால் முகம் மங்கும்.

2.8 மில்லி மீட்டர் வில்லை 100 பாகைக்குச் சற்று மேற்பட்ட பரப்பைக் காட்டும். அதில் முகம் தெளியும் எல்லை சுமார் 3 மீட்டர்தான். 4 மில்லி மீட்டர் வில்லையில் பரப்புக் குறையும். தெளிவின் எல்லை நாலரை மீட்டர் வரை நீளும்.

இக்கணக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கிளமெண்டியின் பழைய கட்டடங்கள் பலவற்றில், வரிசையாக அமைந்த வீடுகளுக்கு முன்னே நீண்ட பொதுத் தாழ்வாரம் ஓடுகிறது. பத்து மீட்டருக்கு அப்பால் நடப்பவர் அகன்ற வில்லைக்கு ‘யாரோ ஒருவர்’ மட்டுமே. திருடனாயின் அவனை அடையாளம் காட்ட அப்படம் உதவாது. ஆனால் அடுத்த வீட்டார் எப்போது புறப்பட்டார், எப்போது திரும்பினார் என்பதை அறிய அது போதும். அவரை நமக்கு ஏற்கெனவே தெரியுமல்லவா? எனவே தாழ்வாரத்தின் கோடி வரை பார்ப்பதால் காவல் கூடுவதில்லை. பிறர்க்கு இடையூறே கூடும்.

எப்படித் திருப்புவது?

முதலாவது உயரம். கூரையை ஒட்டிப் பொருத்தினால் தலையுச்சியும் குடையுமே பதியும். 2.3 மீட்டர் உயரத்தில் வைத்தால், 3 மீட்டர் தொலைவில் நிற்பவரின் முகத்தை ஏறத்தாழ 13 பாகைச் சரிவில் காணலாம். அது போதிய சரிவு.

இரண்டாவது ஒளி. திறந்த தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வெளிர்வானம் இருக்கிறது. கருவி அதை நோக்கினால் முன்னிற்பவர் முகம் நிழலுருவாகும். கருவியைச் சற்றுக் கீழ்நோக்கியும் சுவர்ப்பக்கமாகவும் திருப்பினால் இக்குறை பெரிதும் நீங்கும். மிகுவெளிச்சத்தையும் நிழலையும் ஒருசேரச் சமன்செய்யும் வசதியுள்ள கருவியாயின் இன்னும் நன்று.

மூன்றாவது இரவு. கருவி உமிழும் அகச்சிவப்பொளி, அருகிலுள்ள கம்பிக்கதவிலோ சன்னற் கண்ணாடியிலோ பட்டுத் திரும்பினால் படம் முழுதும் வெளுத்துவிடும். தாழ்வாரத்தில் இரவு முழுதும் விளக்கெரியுமாதலால், அவ்வொளியை அணைத்துப் பார்ப்பதே முதற் சோதனை.

எல்லை

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் தாழ்வாரத்தை நோக்கிய படக்கருவி வைக்க முன்னர் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்விதி தளர்ந்தது. வீட்டினுள்ளிருந்து வெளியே நோக்கும் கருவிக்கு இப்போது அனுமதி வேண்டா. ஆனால் அது அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ நோக்கலாகாது. பொதுவிடத்துச் சுவரில் பொருத்த எண்ணுவோர் முதலில் நகர மன்றத்தைக் கேட்பது முறை. அண்டை வீட்டாரைக் கண்காணிப்பதும் இடையூறுகளுள் ஒன்றாக 2015ஆம் ஆண்டின் சமூகப் பூசல் தீர்வுச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. திருப்பியும் தவிர்க்கவியலாத பகுதியை மறைக்க, பல கருவிகளில் படத்தின் ஒரு பாகத்தைக் கறுப்பாக்கும் ஏற்பாடு உண்டு.

வீட்டினுள்ளும் எல்லை உண்டு. பணிப்பெண் உள்ள வீட்டில், கருவி இருப்பதையும் அதன் இடத்தையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் உறங்கும், உடைமாற்றும், குளிக்கும் இடங்களில் அதனை வைக்கலாகாது என்பது மனிதவள அமைச்சின் நெறி.

கருவியைக் காப்பது யார்?

நாம் பிறரைப் பார்க்க வைத்த கண்ணின் வழியே பிறர் நம்மைப் பார்ப்பதும் நிகழ்ந்துள்ளது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர் இல்லங்கள் சிலவற்றின் உட்புறக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் பரவிய செய்தி வெளிவந்தது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத படக்கருவிகளையும் பிற கருவிகளையும் கைப்பற்றி இணையத்தையே தாக்கியது. ஆகவே கருவியைப் பொருத்தியவுடன் கடவுச்சொல்லை மாற்றுக, மென்பொருளைப் புதுப்பித்துவருக. சிங்கப்பூரில் 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் இணையப் பாதுகாப்பு முத்திரைக்கு நான்கு நிலைகள் உண்டு. வாங்குமுன் பெட்டியில் அதனைப் பார்ப்பது நன்று.

பதிவின் அளவும் கருதத்தக்கது. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடையறாது பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் ஆகும். 128 கிகாபைட் அட்டை ஆறு நாளுக்குள் நிரம்பும். வாயிலருகே அசைவு நிகழும்போது மட்டும் பதியுமாறு அமைத்தால் அட்டை நெடுநாள் வரும்; வழிப்போக்கரின் நடையும் வீணே சேராது.

எல்லாம் அமைத்தபின் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. அடுத்த வீட்டாரை அழைத்துத் திரையைக் காட்டுக. தம் வாயில் அதில் இல்லை என்பதை அவர் தம் கண்ணாலேயே காணட்டும். நாம் ஊரில் இல்லாத நாளில் நம் கதவை ஒரு பார்வை பார்த்துக்கொள்பவர் அவரே. அவரது நல்லெண்ணத்தை இழந்து வாங்கும் காவல், எவ்வளவு தெளிவான படம் தந்தாலும், நட்டக் கணக்கே ஆகும்.