ஒவ்வாமை மாத்திரையும் டெங்குவும்

இப்பேழையில் உள்ள ருபட்டடின், தும்மலுக்கும் தோல் தடிப்புக்கும் கொடுக்கும் சாதாரண ஒவ்வாமை மாத்திரை. இதை டெங்கு நோயாளரிடம் சோதித்தவர் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மலவிகே; ஒக்ஸ்போர்டில் கொப்புளிப்பான் வைரஸை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து காய்ச்சலால் அல்ல. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்குவதால்தான். இக்கசிவைத் தூண்டும் பொருள்களுள் ஒன்று ஒவ்வாமையின்போதும் சுரப்பது. அதைத்தான் ருபட்டடின் தடுக்கிறது. 2018இல் வெளியான ஆய்வில் மாத்திரை பாதுகாப்பானதாக இருந்தது. கசிவைத் தடுப்பது உறுதியாக நிறுவப்படவில்லை. ஆகவே நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

மாரி மழைக்காலத்தில் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.