கண்ணாடிக்குள் மீன்

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்கு மெரினா மீன்காட்சியகம் நினைவிருக்கும். இந்தியாவின் முதல் மீன்காட்சியகமாக 1909-இல் திறந்தது. ஜப்பான் குண்டு போடும் என்ற அச்சத்தில் 1942-இல் மூடி, பிறகு அதே கடற்கரையில் வேறிடத்தில் திறந்தார்கள். நாங்கள் போனபோது அரையிருட்டான கூடம், சுவரோரம் சின்னச் சின்னத் தொட்டிகள். ஒன்றில் கடற்குதிரை வாலைச் சுருட்டிப் பாசித்தண்டைப் பிடித்தபடி நின்றது. மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்தோம். மற்ற மீன்கள் எங்களுக்கு அவ்வளவு அதிசயமில்லை. பாலாற்றுக் கசத்தில் துண்டை விரித்துக் கெண்டை பிடித்த கைகள் எங்களுடையவை.

போன கோடையில் பேரனை ஏலகிரி எக்ஸ்பிரஸில் அழைத்துப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறந்த வி.ஜி.பி. மரைன் கிங்டம் மீன்காட்சியகம். கண்ணாடிச் சுரங்கத்தில் நடக்கும்போது தலைக்குமேல் ஒரு திருக்கை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மெல்லக் கடந்தது. பையன் வாய் திறந்தபடி நின்றுவிட்டான். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத காட்சி அது. ஆனால் நீந்துகிற மீனை அவன் முதன்முதலாகப் பார்த்ததும் அங்கேதான்.

பாலாற்றில் அவனுக்கு மீன் காட்ட முடியாததற்குப் பின்னால் எங்கள் ஊர்த் தோல் தொழிலின் கதை இருக்கிறது. அன்று ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். 1970-களில் முழுதாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யச் சொல்லி அரசு கொள்கையை மாற்றியதும் குரோமிய உப்பு பரவியது, வேலை வேகம் பிடித்தது. ஷூ கம்பெனிகள் பெருகின. விடிந்ததும் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் படித்து ஆளான பிள்ளைகள் என் வீட்டிலேயே உண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆற்றின் கணக்கு வேறு. தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது அன்றே சட்டமாயிற்று. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. இருந்தும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. கெண்டை பிடித்த கசம் இன்று வெறும் மணல். வெள்ளம் வந்தால் சில இடங்களில் நுரை மிதக்கிறது.

ஈஞ்சம்பாக்கம் மீன்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போய் வாருங்கள். வாயலூரில் நம் பாலாறு கடலில் சேரும் இடத்தையும் அவர்கள் பார்க்கட்டும்.