நிலம் எங்கே ஓடும்?

1886 நவம்பரில் நடந்த நியூயார்க் மேயர் தேர்தலில் மூன்று பேர் மோதினார்கள். ஜனநாயகக் கட்சியின் சார்பில் இரும்புத் தொழிலதிபர் ஆப்ரம் ஹெவிட். குடியரசுக் கட்சியின் சார்பில் அப்போதுதான் 28 வயது நிறைந்திருந்த தியடோர் ரூஸ்வெல்ட். தொழிற்சங்கங்கள் நிறுத்திய மூன்றாமவர் ஹென்றி ஜார்ஜ்: பதினான்கு வயதுக்கு முன்பே பள்ளியை விட்டவர், கப்பலில் வேலை பார்த்தவர், அச்சுக்கோத்தவர், பத்திரிகையாளர். 30,000 பேர் கையெழுத்திட்டுத் தந்தால்தான் நிற்பேன் என்றார். கையெழுத்துகள் வந்து சேர்ந்தன. அன்றைய நகர அரசியலைக் கையில் வைத்திருந்த டம்மனி ஹால் கும்பலுக்குக் கலக்கம். நாடாளுமன்ற இடம் தருகிறோம், மேயர் போட்டியை விடுங்கள் என்று தூது வந்ததாகவும், நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை, நின்றால் பெரும் களேபரம்தான் ஆகும் என்று தூதர் சொன்னதாகவும், களேபரம்தானே எனக்கு வேண்டும் என்று தாம் பதில் சொன்னதாகவும் ஜார்ஜ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

களேபரத்துக்குக் காரணம் ஒரு வரி யோசனை. கட்டடத்துக்கு வரி வேண்டாம், உழைப்புக்கு வரி வேண்டாம், வியாபாரத்துக்கு வரி வேண்டாம். வெறும் தரையின் மதிப்புக்கு மட்டும் வரி போடுங்கள், நகரத்தின் செலவுக்கு அதுவே போதும் என்பது ஜார்ஜின் வாதம். கேட்பவருக்கு இது கிறுக்குத்தனமாகவோ கொள்ளையாகவோ படும். ஆனால் பொருளாதாரத்தில் இடதும் வலதும் ஒப்புக்கொள்ளும் மிகச் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. அரசின் தலையீடு குறைய வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடிய பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன்கூட, இருக்கிற வரிகளிலேயே கெடுதல் குறைந்தது இதுதான் என்றார்.

ஏன் என்று புரிய, இந்த எண்ணம் ஜார்ஜுக்கு எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1870 வாக்கில் கலிபோர்னியாவின் ஓக்லாந்துக்கு வெளியே குதிரையில் போய்க்கொண்டிருந்தார். அமெரிக்காவின் குறுக்கே போட்ட ரயில் பாதை அப்போதுதான் அந்த ஊரைத் தொட்டிருந்தது. எதிரே வந்த வண்டிக்காரரிடம், இங்கே நிலம் என்ன விலை என்று பேச்சுவாக்கில் கேட்டார். தூரத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்த வெட்டவெளியைக் காட்டி, அங்கே ஒருத்தர் ஏக்கர் ஆயிரம் டாலருக்குத் தருகிறார் என்றார் வண்டிக்காரர். அந்த மண்ணில் ஒரு செங்கல்கூட ஏறவில்லை. சொந்தக்காரர் ஒரு நாற்றுகூட நடவில்லை. ரயில் வந்தது, சனங்கள் வருவார்கள், விலை முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஊர் உண்டாக்கிய மதிப்பு ஒருவர் பையில் விழுகிறது என்று ஜார்ஜுக்கு அங்கே உறைத்தது. அதை விரித்து அவர் எழுதிய ‘முன்னேற்றமும் வறுமையும்’ 1879-இல் வந்தது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் முதல் சீனத் தலைவர் சன் யாட்-சென் வரை அதன் கருத்துக்கு மயங்கினார்கள்.

இனி வரியின் சூட்சுமம். எதன்மீது வரி போட்டாலும் அது கொஞ்சம் சுருங்கும். இங்கிலாந்தில் 1696-இல் சன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். சனங்கள் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1851-இல் வரியை நீக்கும் வரை இருட்டிலும் புழுக்கத்திலும் குடித்தனம் நடத்திய வீடுகள் ஏராளம். அரசுக்கும் காசு இல்லை, குடியிருப்பவருக்கும் வெளிச்சம் இல்லை. இப்படி யாருக்கும் பயனில்லாமல் காணாமல்போகும் நன்மைதான் வரியின் உண்மையான நஷ்டம். கட்டடத்துக்கு வரி போட்டால் மாடி எழும்பாது. விற்பனைக்குப் போட்டால் சரக்கு அடுத்த ஊருக்குப் போகும். நிலம் எங்கே போகும்? வரி ஏறியது என்று மன்ஹாட்டன் தீவு ஓர் அடி சுருங்காது, குறைந்தது என்று ஓர் அடி வளராது.

வரியை வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றிவிட மாட்டாரா என்ற கேள்வி உடனே வரும். தரைக்கான வரியை ஏற்ற முடியாது என்று 1817-லேயே பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ காட்டினார். அந்த இடம் எவ்வளவு வாடகை தாங்குமோ அவ்வளவையும் சொந்தக்காரர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். வாடகை உயர வேண்டுமானால் சந்தையில் மனைகள் குறைய வேண்டும். வரியால் மனை குறைவதில்லை. சொல்லப்போனால், விலை ஏறட்டும் என்று வேலி போட்டு வைத்திருந்த காலிமனை, வரி கட்ட முடியாமல் சந்தைக்கு வரும்.

அப்படியானால் சுமை யார் தலையில்? ஒரு மனை ஆண்டுக்கு 100 டாலர் தருகிறது, வட்டி விகிதம் 5 சதவீதம் என்று வையுங்கள். விபரம் தெரிந்தவர் அதற்கு 2,000 டாலர் கொடுப்பார். அதில் 50 டாலரை ஆண்டுதோறும் நகராட்சி எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தால், அவர் 1,000 டாலருக்குமேல் தரமாட்டார். குடியிருப்பவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. நாளை வாங்குபவருக்கும் நட்டமில்லை, மலிவாக வாங்கிவிட்டார். அறிவிப்பு வந்த அன்று பத்திரம் யார் கையில் இருந்ததோ, அவர் தலையில் அத்தனையும் விடிகிறது. வரியைத் தள்ளிவிட முடியாது என்பதுதான் பொருளாதார அறிஞருக்கு இனிக்கிறது. அதுவேதான் மனைக்காரருக்கு வேப்பங்காய். அவர்கள் ஒன்றுகூடிப் போராடுவார்கள், பயன் பெறப்போகிறவர்களுக்கோ தாங்கள்தான் அது என்றே தெரியாது. இந்தத் திட்டத்தின் 140 ஆண்டு அரசியல் வரலாறு இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

நகரத்தின் செலவுக்கு இது போதுமா என்பதற்கு விடை ஜார்ஜ் மறைந்து எண்பது ஆண்டுகள் கழித்து வந்தது. ரிச்சர்ட் ஆர்னட்டும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சரியான அளவில் வளர்ந்து நிற்கும் நகரத்தில், பொதுப்பணிகளுக்கு ஆகும் செலவும் நிலம் தரும் மொத்த வாடகையும் சமமாக இருக்கும் என்று சில நிபந்தனைகளோடு நிறுவினார்கள். பூங்கா, ரயில், சாக்கடை என்று நகரம் எதைச் செய்தாலும் அதன் பலன் பக்கத்து மனையின் வாடகையில் ஊறிவிடுகிறது; அதைத் திரும்ப எடுத்தால் செலவுக்குச் சரியாகப் போகும். இதற்கு ‘ஹென்றி ஜார்ஜ் தேற்றம்’ என்றே பெயர். மேயர் வேட்பாளர் ஒருவரின் பிரசாரம் கணிதத் தேற்றமான கதை வேறு எங்கும் உண்டா, தெரியவில்லை. நிபந்தனைகள் கறாரானவை, நிஜ நகரம் எதுவும் அவற்றில் முழுமையாகப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

சிரமமான வேலை அளப்பதுதான். கட்டடத்தை விட்டுத் தரையை மட்டும் எப்படி மதிப்பிடுவது? நியூயார்க் 1903-இல் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும் என்று சட்டம் செய்தது. அதன் பின்னணியில் இருந்த ஜார்ஜ் ஆதரவாளர் லாசன் பர்டி 1906 முதல் அந்நகரின் மதிப்பீட்டுத் துறைக்கே தலைவரானார். அன்றைய மதிப்பீட்டாளர்கள் கையாண்ட ஒரு கணக்கு அழகானது. நூறடி ஆழமுள்ள மனையை நான்காக வெட்டுங்கள். தெருவை ஒட்டிய முதல் 25 அடிக்கு மொத்த மதிப்பில் 40 சதவீதம், அடுத்ததற்கு 30, பிறகு 20, கடைசிக்கு 10. மண் ஒன்றுதான், தெருவிலிருந்து விலக விலக மதிப்பு கரைகிறது. கிளீவ்லாந்தில் 1901-இல் மேயரான டாம் ஜான்சன் இன்னும் ஒரு படி போனார். வார்டு வாரியாகப் பெரிய வரைபடங்களை மாட்டி, யார் மனைக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறது என்று ஊருக்கே காட்டினார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, இது அநியாயம், அது சலுகை என்று உடைத்துப் பேசினார்கள். ‘வரிப் பள்ளி’ என்று அதற்குப் பெயர். எத்தனை கணினி வந்தாலும் இதைவிட நல்ல தணிக்கை இல்லை என்பது என் கட்சி.

நம் பிள்ளைகள் ‘பிசினஸ்’, ‘டிரேட்’ என்று விளையாடும் அட்டையின் மூதாதைகூட இந்த இயக்கத்தில் பிறந்ததுதான். வாடகை வசூல் எப்படி எல்லாரையும் ஓட்டாண்டியாக்குகிறது என்று காட்ட, ஜார்ஜைப் பின்பற்றிய லிஸ்ஸி மேகி 1904-இல் காப்புரிமை பெற்ற விளையாட்டு அது. ஓட்டாண்டியாக்குவதுதான் பிடித்துப்போனது, பாடத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை.

தேர்தலுக்கு வருவோம். ஹெவிட்டுக்கு 90,552 வாக்கு, ஜார்ஜுக்கு 68,110, ரூஸ்வெல்ட்டுக்கு 60,435. அன்று அரசு அச்சடித்த ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது, கட்சிகளே சீட்டடித்துக் கொடுத்தன. அந்த நிலையில் ஜார்ஜ் பெற்றது சாதாரண எண்ணிக்கை அல்ல. 1897-இல் மறுபடி நின்றவர், வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு இறந்துபோனார். வென்ற ஹெவிட் 1888-இல் ஒரு யோசனை சொன்னார்: நகரம் தன் பணத்தில் ரயில் பாதை போட வேண்டும், தனியார் அதை ஓட்டட்டும். அந்த வழியில் 1904-இல் சுரங்க ரயில் ஓடியது. அது போன இடமெல்லாம் மனை விலை எகிறியது, அந்த லாபத்தில் பெரும்பங்கு, பணம் போட்ட நகரத்துக்கு வரவில்லை.

ஹாங்காங் அதை வேறு விதமாகச் செய்தது. அங்கே செயின்ட் ஜான் தேவாலயம் நிற்கும் இடம் தவிர எல்லா நிலமும் அரசின் குத்தகை. நிலையங்களின் மேலே கட்டடம் கட்டும் உரிமையை ரயில் நிறுவனத்துக்கே கொடுத்தார்கள், ரயில் தன் செலவை நிலத்திலிருந்து மீட்டது. ஆனால் நில வருமானத்தில் ருசி கண்ட அரசுக்கு விலை குறைவதில் அக்கறை இருக்காது. உலகிலேயே வீடு வாங்கச் சிரமமான ஊர்களில் ஒன்றாக அது இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

ஜார்ஜின் யோசனையை ஓரளவு பின்பற்றிய அமெரிக்க நகரம் பிட்ஸ்பர்க். 1913 முதல் தரைக்குக் கூடுதலாகவும் கட்டடத்துக்குக் குறைவாகவும் வரி போட்டுவந்தது. 2001-இல் மாவட்டம் நிலங்களை மறுமதிப்பீடு செய்தபோது சிலருடைய பில் ஒரேயடியாகத் தாவியது. அதே ஆண்டில் திட்டத்தைக் கைவிட்டார்கள். வரியைவிட, மதிப்பீட்டை உறங்கவிட்டதுதான் அங்கே குற்றவாளி. கடைசியாக டெட்ராய்ட். காலிமனைகள் பெருகிக் கிடக்கும் அந்த ஊரில் மேயர் மைக் டக்கன் 2023-இல் ஜார்ஜின் யோசனையைத் தூசு தட்டி எடுத்தார். கட்டட வரியைக் குறைத்துத் தரை வரியை உயர்த்தினால், வீட்டுக்காரர்களுக்குச் சராசரியாக 17 சதவீதம் வரி குறையும் என்றார். மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அதற்குத் தேவையான வாக்குகள் திரளவில்லை.