நாலு கம்பிக்காரர்கள்

‘இசபெல்லா’ என்ற மலாய்ப் பாட்டைப் பாடியது யார் என்று ஜொகூர் பாருவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் கேட்டாலும், ‘செர்ச்’ ராக் குழுவின் எமி என்று பதில் வந்துவிடும். அதில் பேஸ் கிட்டார் வாசித்தது யார் என்று கேட்டால் மேசை அமைதியாகிவிடும். அவர் பெயர் நாசிர். 1981இல் இதே ஊரில் குழு உருவானபோதே அதில் இருந்தவர். 1985இல் முதல் ஆல்பமான ‘சிந்தா புவாத்தான் மலேசியா’ வந்தது. 1989இல் வந்த ‘ஃபெனோமெனா’வில்தான் ‘இசபெல்லா’ இருந்தது. இந்தோனேசியாவரை போய்க் கொடிநாட்டிய அந்தப் பாட்டின் அடியிலும் ஓடுவது நாசிரின் நாலு கம்பிதான்.

ஒரே குழுவோடு இப்படிப் பெயர் ஒட்டிக்கொள்வது பேஸ்காரர்களில் அபூர்வம். பெரும்பாலோர் குழு குழுவாகப் போய்க்கொண்டே இருப்பவர்கள். காரணம் எளிது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்தால் மூன்று பேருக்கு லீட் கிட்டார் வேண்டும். பேஸ் யாருக்கும் வேண்டாம். 1961இல் பேஸ்காரர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பீட்டில்ஸை விட்டு விலகியபோது பால் மெக்கார்ட்னி பேஸை எடுத்ததும் ஆசையால் அல்ல, வேறு யாரும் எடுக்க முன்வராததால். ஆள் கிடைக்காத இடத்துக்கு வந்தவரை எல்லாக் குழுவும் கூப்பிடும். ஜொகூரிலும் அதே கதைதான். சனிக்கிழமை கல்யாண விருந்து, ஞாயிறு காலை தேவாலயம், வார நாளில் ஹோட்டல் லவுஞ்ச் என்று மூன்று குழுக்களுக்கு ஒரே பேஸ்காரர்.

குழு மாறும்போது அவருக்குப் பாட்டு மட்டும் மாறுவதில்லை, டிரம்ஸ்காரரும் மாறுகிறார். அதுதான் பெரிய மாற்றம். பேஸ்காரரின் காது எப்போதும் டிரம்ஸ்காரரின் காலில் இருக்கும். கிக் டிரம் விழும் அதே கணத்தில் கம்பியும் பேச வேண்டும். ஒருவர் தாளத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவார், இன்னொருவர் சற்றுப் பின்னால் சாய்ந்து உட்காருவார். அந்த மயிரிழையைப் பிடிக்காத பேஸ்காரர் சுரம் தவறாமல் வாசித்தாலும் பாட்டு நொண்டும். ரசிகருக்கு ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும் தோன்றும். யாரால் என்று தெரியாது.

பெயர் தெரியாமல் போவதற்கு உச்ச உதாரணம் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960களின் வெற்றிப் பாடல்களில் பெரும்பகுதிக்கு பேஸ் வாசித்தவர். வலக்கையில் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். அந்த விரலுக்கே ‘கொக்கி’ என்று பட்டப்பெயர் இருந்தது. ஆனால் மோட்டவுனின் பெரிய ஆல்பம் ஒன்றின் உறையில் அவர் பெயர் அச்சேற 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வரவேண்டியிருந்தது.

நம் பக்கம் வருவோம். இளையராஜா பேஸ் பகுதியைக்கூட ஒவ்வொரு சுரமாக எழுதிக் கொடுப்பவர். வாசித்தவர் சசிதரன். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்த ‘இளைய நிலா’வைப் பலர் கிட்டாருக்காகவே கேட்பார்கள். பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள், அடியில் இன்னொரு மெட்டே நடந்துபோகும். ஆனால் ஜொகூர் தோட்டங்களில் அந்தக் காலத்தில் அதைக் கேட்டிருக்க வழியில்லை. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவின் சின்ன ஒலிபெருக்கிக்கும் கோயில் திருவிழாவின் கூம்பு ஸ்பீக்கருக்கும் அந்த ஆழம் எட்டாது. காரில் நல்ல ஸ்டீரியோ வைத்த தலைமுறைதான் ராஜாவின் அடித்தளத்தை முதலில் கேட்டது என்பேன். பிறகு ரஹ்மான் ஒலிநாடா உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிட்டார். பேஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரை நம் பிள்ளைகள் படித்தது அப்படித்தான்.

ஜொகூர் பேஸ்காரருக்கு ஊரைத் தாண்டி வாசிக்க இன்னொரு பாதையும் உண்டு. 1920களில் கட்டிய, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலத்தின் அந்தப் பக்கம் சிங்கப்பூர். ராம்லி சாரிப்பின் ‘ஸ்வீட் சாரிட்டி’ குழு அங்கே எழுந்ததால் இங்கேயும் ராக் பரவியது. ஆனால் 1970களில் நீள முடிக்காரர்களை சிங்கப்பூர் சும்மா விடவில்லை. 1972இல் லெட் செப்பலின் குழுவே முடி காரணமாக அங்கே கச்சேரி நடத்த முடியாமல் திரும்பியது. அதைக் கேட்டு இந்தப் பக்கத்து ராக்கர்கள் சிரித்திருந்தால், இருபது வருடம் கழித்துச் சிரிப்பு நின்றிருக்கும். 1992இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட், அவரும் ஜொகூர்க்காரர்தான், நீள முடி ராக்கர்களுக்கு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் கதவைச் சாத்தினார். எமியும் ‘விங்ஸ்’ குழுவின் பாடகர் ஆவியும் கேமரா முன்னால் முடி வெட்டிக்கொண்டார்கள். நாடு நினைவில் வைத்திருப்பது அந்தப் பாடகர்களின் தலைகளைத்தான். பேஸ்காரரின் முடி எவ்வளவு நீளம் என்று யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

முடிச் சண்டை ஓய்ந்துவிட்டது. இப்போது போட்டி கீபோர்டோடு. பல கல்யாண விருந்துகளில் கீபோர்டுக்காரரின் இடக்கையோ பென்டிரைவில் பதிவு செய்த தாளமோ பேஸையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அதனால் கொஞ்சம் திறமையுள்ளவர்கள் நாலு கம்பியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பாலம் தாண்டுகிறார்கள். அங்கே தருவது சிங்கப்பூர் டாலர், ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் குடிநுழைவு வரிசையே ஒன்றிரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும் என்பதால், மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே அதிகம். அங்கே காத்திருப்பது பெரும்பாலும் புதுக் குழு, முன்பின் வாசித்திராத டிரம்ஸ்காரர். ஒத்திகைக்கு நேரம் இருக்காது. முதல் பாட்டின் முதல் நாலு பார்களுக்குள் அவர் காலைப் பிடித்துவிட வேண்டும்.