இலண்டனில் வழி தெரிந்து செல்வது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆண்டு அக்காவின் பிரசவத்திற்காக என் தாயார் இலண்டன் சென்றார். அத்தான் அங்கே ஓர் உணவு விடுதியில் சமையல்காரர். சிசேரியன் ஆகி அக்கா ஒரு வாரம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. ஈஸ்ட்ஹாம் வீட்டிலிருந்து வைட்சேப்பலில் உள்ள மருத்துவமனைக்கு அம்மாவே இரயிலில் சோறு கொண்டு செல்ல வேண்டும். அம்மா பள்ளிக்கூடம் அறியாதவர். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே வழி சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானோ இலண்டனைப் படத்தில் மட்டும் கண்டவள்! அந்நகரின் இரயில் வரைபடத்தைப் படித்து நான் அறிந்தவற்றை இங்கே கூறுகிறேன்.

உலகின் முதல் சுரங்க இரயில் 1863-ஆம் ஆண்டு இலண்டனில்தான் ஓடியது; அன்று இழுத்தது நீராவி எஞ்சின். இன்று 11 பாதைகள், 272 நிலையங்கள். இத்தனையையும் ஒரே தாளில் தெளிவாகக் காட்டியவர் ஹாரி பெக் என்னும் மின்துறை வரைவாளர். 1931-இல் அவர் வரைந்த படத்தை நிர்வாகத்தினர் முதலில் ஏற்கவில்லை. 1933-இல் அச்சிட்டுக் கொடுத்ததும் மக்கள் விரும்பி வாங்கினர்.

அதன் நுட்பம் என்ன? நாம் ஆய்வுக்கூடத்தில் வரையும் மின்சுற்றுப் படத்தில் கம்பியின் நீளத்தைப் பார்ப்பதில்லை. எது எதோடு இணைகிறது என்பதையே பார்க்கிறோம். பெக்கின் படமும் அப்படித்தான். பாதைகள் நேர்கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். ஆனால் தூரத்தை அதில் அளக்கக் கூடாது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். இதற்கு இரயில் ஏறுவதைவிட நடப்பதே மேல்!

கட்டணத்திற்கு ஆய்ஸ்டர் அட்டை உண்டு. ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் அதைக் கருவியில் தொட வேண்டும். இறங்குமிடத்தில் மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். 2014 முதல் அங்கே பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. நகரும் படிக்கட்டில் வலப்புறம் நிற்க வேண்டும். இடப்புறம் அவசரமாகச் செல்வோருக்கு.

இனி அம்மாவின் வழி. ஈஸ்ட்ஹாமில் பச்சை, இளஞ்சிவப்பு ஆகிய இரு பாதைகளின் வண்டிகளும் ஒரே நடைமேடைக்கு வரும். இரண்டும் வைட்சேப்பல் செல்பவை. எதில் ஏறினாலும் எட்டாவது நிலையம். அதற்கும் அப்பால் டவர் ஹில் சென்று கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் மட்டும் கவனம் தேவை. வைட்சேப்பலுக்கு அடுத்த நிலையம் தாண்டியதும் இளஞ்சிவப்புப் பாதை பிரிந்துவிடும். வண்டிக்கு வண்ணம் பூசியிருக்காது. 'டிஸ்ட்ரிக்ட்' என்ற அறிவிப்பைக் காதால் கேட்டு ஏற வேண்டும். அதுவே பச்சைப் பாதையின் பெயர்.

எட்டு நிலையங்களின் பெயரையும் தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். அம்மாவுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது என்பது அவசரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. பிறகு தொலைபேசியில் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். முதல் நாள் அத்தான் உடன் சென்று நடைமேடையைக் காட்டினார். மறுநாள் அம்மா தனியே புறப்பட்டார். இங்கே எனக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை.

மாலையில் அம்மாவே பேசினார்: "வெரலு கணுவ எண்ணிக்கிட்டே போனேன் பாப்பா. எட்டாவதுல எறங்கிட்டேன். ரசஞ்சோறு சூடாத்தான் இருந்துச்சு."

நண்பர்களே, எந்தப் பெருநகருக்குச் சென்றாலும் முதலில் அதன் இரயில் படத்தை விரித்து, வண்ணத்தையும் எண்ணிக்கையையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எழுத்தறியாத என் தாயாருக்கு அவ்விரண்டுமே வழி காட்டின.