ரண சிகிச்சைக்குப் பிறகு

முதுகெலும்பில் ரண சிகிச்சை நடந்துவிட்டால் இனிப் படுக்கையே கதி என்று எண்ணுவோர் நம் ஜனங்களில் அநேகர். இது பெரும் பிழை. நழுவிய எலும்புகளை டாக்டர் இணைத்து வைப்பது சில மணி நேர வேலை. அவை ஒன்றாய்க் கூடுவதற்கோ மாதங்கள் பலவாகும். கம்பியும் திருகாணியும் அதுவரை முட்டுக்கொடுத்து நிற்பனவேயன்றி எலும்பை வளர்ப்பன அல்ல.

1911-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்து டாக்டர்களான ஹிப்ஸும் ஆல்பியும் தனித்தனியே இம்முறையை வெளியிட்டார்கள். அக்காலத்து நோயாளிகள் வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்தனர். இன்றோ பெரும்பாலோரை மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள். முதலில் கட்டிலைச் சுற்றி, பின் தாழ்வாரத்தில், அதன்பின் தெருவில், நாளுக்கு நாள் நடை நீளவேண்டும். குனிவதும், இடுப்பைத் திருகுவதும், பாரந் தூக்குவதும் டாக்டர் உத்தரவு தரும்வரை ஆகா. எழும்போது ஒருக்களித்துப் புரண்டு, கால்களைத் தொங்கவிட்டு, கையூன்றி எழவேண்டும். வயிறு, முதுகு, தொடைத் தசைகளுக்குரிய பயிற்சிகள் படிப்படியாய்ப் பின்னர் வரும். ஜுரம் கண்டாலும், புண்ணில் சீழ் வைத்தாலும், கால் வலுவிழந்தாலும், சிறுநீர் தடைப்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். புகை பிடிப்பவருக்கு எலும்பு கூடுவது தாமதிக்கும். சிலருக்குக் கூடாமலே போகும். இதைக் கேட்ட பின்பும் உறவினர் ஆஸ்பத்திரி வாசலில் பீடி வாங்கிக் கொடுப்பது எந்த வகை அன்போ, நாமறியோம்!

பயிற்சி என்பது சீமான்களின் உல்லாசம் என்பாருக்கு வேலூர் வரலாற்றைச் சொல்வோம். 1947-இல் செங்கற்பட்டில் டாக்டர் காக்ரேனுடைய தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்வையிட்ட டாக்டர் பால் பிராண்ட், அங்கு கண்ட முடங்கிய கைகளை நிமிர்த்த வேலூரில் ரண சிகிச்சை தொடங்கினார். வேலூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு பழுதுபட்டு, இடுப்புக்குக் கீழ் அசைவிழந்தார். அவர் ஓய்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே, பிராண்டின் துணையுடன் தொழுநோயாளரின் கைகளுக்குக் கத்தி பிடித்தார். நியூயார்க் சென்று புனர்வாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பினார். வேலூரில் அதற்கென ஏற்பட்ட இலாகாவுக்குத் தலைமை வகித்தார். 1966-இல் அங்கு நோயாளிகள் தங்கிப் பயிலும் நிலையமும் எழுந்தது.

வேலூரில் அது கிடைத்தது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் ஏர் பிடிப்பவருக்கும் நாற்று நடுபவருக்கும் கிடைக்க வேண்டாமா? ரண சிகிச்சைச் செலவைச் சர்க்கார் இன்ஷூரன்ஸ் ஏற்றாலும், வீடு திரும்பிய பின் பஸ் சத்தத்திற்கும் அரைக்கூலி இழப்புக்கும் அஞ்சி ஏழை பயிற்சியைக் கைவிடுகிறான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருமென்று சர்க்காரே வாக்களித்திருக்கிறது. ஆகவே நமது தாலூகாவின் தேச ஊழியர்கள் மேடைப் பேச்சில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு கிராமந்தோறும் செல்லட்டும். முதுகில் தையலுடன் திண்ணையில் கிடப்பவர் யார் யார், எத்தனை நாளாய் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஜாபிதா எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் சீட்டில் பயிற்சி முறைகளைத் தமிழில் எழுதித் தரும்படியும் கேட்கட்டும்.